ஆய்வகத்தில் செய்த தோல் ஏன் சீக்கிரம் பச்சை பிடிப்பதில்லை?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார். உயிர்ப்பொறியியல் முதுகலை, முதல் வருடம். போன மாதம் அவருடைய சித்திக்கு அடுப்பங்கரையில் சேலை பற்றிக்கொண்டு கையிலும் மார்பிலும் ஆழமான தீக்காயம். ஆஸ்பத்திரியில் தொடைத் தோலைச் சீவி எடுத்துக் காயத்தில் வைத்திருக்கிறார்கள். "லேபில் தோல் வளர்க்கிறார்கள் என்று பாடத்தில் படிக்கிறோம். அதை வைக்காமல், ஏற்கெனவே வெந்து கிடக்கிறவரின் தொடையையும் ஏன் சீவ வேண்டும்?" இது முதல் கேள்வி. "என் ப்ராஜெக்ட் கொலாஜன் ஸ்பாஞ்சுக்குள் ரத்தக்குழாய் வளர்வதைப் பற்றியது. எதை அளப்பது, எங்கே ஆரம்பிப்பது?" இது இரண்டாவது. (கொலாஜன் என்பது தோலுக்கு உறுதி தரும் இழைப் புரதம்; அதில் செய்த ஓட்டை ஓட்டையான பஞ்சுதான் இந்த ஸ்பாஞ்ச்.)

இரண்டும் ஒரே கேள்விதான். சித்திக்கு லேப் தோல் வைக்காததற்கான காரணத்தைத்தான் உங்கள் ப்ராஜெக்ட்டில் நீங்கள் அளக்கப்போகிறீர்கள். நான் சில வருடம் ஸ்பாஞ்சும் முட்டையும் எலியுமாகக் கிடந்தவன். இப்போது கும்பகோணத்துக்குப் பக்கத்தில் பாடம் நடத்துகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் சித்தியின் தொடை. அங்கிருந்து எடுத்தது முழுத் தோல் இல்லை. மேல்தோல், அதோடு சேர்த்து உள்தோலில் ஒரு மெல்லிய சீவல், அவ்வளவுதான். மயிர்க்கால்களின் அடிப்பகுதி தொடையிலேயே தங்கிவிடும். அங்கிருந்து செல்கள் மேலேறிப் பரவி, இரண்டு வாரம் போல ஆனால் தொடை தானாகவே மூடிக்கொள்ளும். வலி இருக்கும், தழும்பின் நிறம் கொஞ்ச நாள் மாறித் தெரியும், ஆனால் அந்தத் தோல் போனது போனதாகிவிடாது.

சீவிய தோலைக் காயத்தில் வைத்ததும் நடப்பதைப் புரிந்துகொள்ள நம் ஊரில் பிறந்தவர்களுக்குப் பாடப்புத்தகம் தேவையில்லை. நாற்றைப் பறித்து நட்டால் இரண்டு மூன்று நாளைக்குப் பயிர் வெளிறித் துவண்டு நிற்கும். அறுந்த வேர் சேற்றைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் பச்சை பிடிக்கும். அதற்கு ஒரு வாரம் ஆகும். ஒட்டுத்தோலுக்கும் கிட்டத்தட்ட அதே கணக்கு. முதல் ஒன்றிரண்டு நாள் அதற்குள் ரத்த ஓட்டமே கிடையாது. காயத்தில் கசிகிற பிளாஸ்மா நீரை உறிஞ்சிக்கொண்டு உயிர் பிடித்துக் கிடக்கும். இரண்டாம், மூன்றாம் நாளில் காயத்தின் அடியிலுள்ள ரத்தக்குழாய்களும் சீவிய தோலின் அடியில் அறுபட்டு வாய் திறந்திருக்கும் குழாய்களும் ஒன்றோடொன்று பொருந்த ஆரம்பிக்கும். ஐந்திலிருந்து ஏழு நாளுக்குள் ரத்தம் ஓடும். ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்துப் பார்க்கிற டாக்டரின் முகத்தைக் கவனித்திருந்தால், நட்ட வயலை வரப்பில் நின்று பார்க்கிறவர் முகம் மாதிரியே இருந்திருக்கும்.

இப்படிக் குழாயும் குழாயும் பொருந்துவதற்கு 'இனாஸ்குலேஷன்' என்று பெயர். வாயோடு வாய் சேர்வது என்று பொருள் வரும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். வாய்க்கால் என்ற சொல்லில் நாமும் வாயை வைத்திருக்கிறோம், பாருங்கள்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. தொடைத் தோலுக்குள் குழாய்கள் ஏற்கெனவே இருக்கின்றன. காலியாக இருந்தாலும் தயாராக இருக்கின்றன. பழைய வாய்க்காலைத் தூர்வாரி மடையைத் திறந்துவிடுகிற வேலை அது. ஆய்வகத்தில் வழக்கமாகச் செய்கிற தோலுக்குள் ஒரு குழாய்கூடக் கிடையாது. வாய்க்காலைப் புதிதாக வெட்ட வேண்டும். அதுவரை உள்ளே இருக்கும் செல்கள் காத்திருக்குமா என்றால், காத்திருக்காது. திசுவுக்குள் ஆக்சிஜன் ரத்தக்குழாயிலிருந்து ஊறிப் போகக்கூடிய தூரம் 100 முதல் 200 மைக்ரான்தான். உத்தேசமாக இரண்டு தலைமுடி கனம். அதைத் தாண்டினால் செல் மூச்சுமுட்டிச் சாகும். நுண்குழாய்களைப் பற்றி 1920-இல் நோபல் வாங்கிய ஆகஸ்ட் க்ரோ தசைக்காகப் போட்ட கணக்கின் வழியில் வந்த எல்லை இது. நூறு வருடமாகியும் திசுப் பொறியியல் இந்த இரண்டு முடி கனத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறது.

"மேல்தோலில் ரத்தக்குழாயே இல்லையே, பிறகென்ன?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. மேல்தோல் மெல்லியது, கீழேயுள்ள உள்தோலிலிருந்து ஊறி வருவது அதற்குப் போதும். அதனால்தான் முதலில் வளர்த்துக் காட்டியது மேல்தோலை. 1975-இல் ரைன்வால்டும் ஹோவர்ட் கிரீனும் மனித மேல்தோல் செல்களைத் தட்டில் பெருக்குகிற வழியைக் கண்டுபிடித்தார்கள். 1983-இல் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் அண்ணன் தம்பி இரண்டு சிறுவர்களுக்கு உடம்பில் 95 சதவீதத்துக்கும் மேல் வெந்துபோனது. சீவி எடுக்கத் தோலே மிச்சமில்லை. பாஸ்டனில் அவர்களுடைய செல்களையே வளர்த்துத் தாள் தாளாக எடுத்து ஒட்டினார்கள், இருவரும் பிழைத்தார்கள். பெரிய சாதனைதான். ஆனால் அந்த மேல்தோல் தாள்களுக்குக் கீழே உள்தோல் இல்லை என்றால் லேசாக உரசினாலும் கொப்புளம் கிளம்பும், உரியும், சுருங்கும். நல்ல அடிநிலம் வேண்டும், அதில் ரத்தம் ஓட வேண்டும் என்பது அதில் தெளிவாகத் தெரிந்துபோனது.

அடிநிலத்தைச் செய்து காட்டியவர்கள் பாஸ்டனைச் சேர்ந்த யானஸும் பர்க்கும். ஒருவர் பொருள் விஞ்ஞானி, மற்றவர் அறுவை மருத்துவர். மாட்டுத் தசைநாணிலிருந்து கொலாஜன், சுறாக் குருத்தெலும்பிலிருந்து ஒரு சர்க்கரைச் சங்கிலி, இரண்டையும் கலந்து உறையவைத்து உலர்த்திய ஸ்பாஞ்ச், அதன்மேல் தற்காலிக மேல்தோலாக ஒரு சிலிக்கோன் படலம். 1980-ஐ ஒட்டி வெளிவந்த இந்த யோசனை 'இன்டெக்ரா' என்ற பெயரில் 1996-இல் அமெரிக்க அனுமதி பெற்றது. அதைக் காயத்தில் வைத்தால் அடியிலிருந்து செல்லும் ரத்தக்குழாயும் ஏறி உள்ளே குடியேறும். பிறகு சிலிக்கோனை உரித்துவிட்டு மெல்லிய தோல் சீவல் ஒன்றை மேலே ஒட்டுவார்கள். ஆம், அப்போதும் தொடையைச் சீவத்தான் வேண்டும். ரத்தக்குழாய் ஏறுவதற்குக் காத்திருக்கும் நாட்கள் சுமார் மூன்று வாரம். ஒட்டுத்தோலுக்கு ஒரு வாரம், இதற்கு மூன்று. அந்த மூன்று வாரமும் ரத்தம் இல்லாத ஒரு பஞ்சு, புண்ணின்மேல், நம் ஊர்ப் புழுக்கத்தில். கிருமிக்கு இதைவிட நல்ல விருந்து கிடைக்காது. வெள்ளை அணுக்களும் மருந்தும் உள்ளே போவதென்றாலும் ரத்தத்தோடுதானே போக வேண்டும்.

ஆக, சித்திக்குத் தொடையில் நல்ல தோல் இருந்தது, அதை எடுத்தார்கள். நானாக இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். லேப் சரக்கு, எடுக்கத் தோல் இல்லாதபோதும் எலும்பு, தசைநாண் தெரிகிற அளவுக்கு ஆழமான புண்ணிலும்தான் தன் விலைக்கு ஈடுகொடுக்கும். நம் பக்கத்தில் நடக்காமலும் இல்லை. சென்னை அடையாறில் 1948 முதல் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் கொலாஜனில் பழுத்த இடம். தஞ்சாவூர் திருமலைசமுத்திரத்து சாஸ்த்ராவில் நானோ இழைகளில் சாரம், அதாவது செல்கள் பற்றி ஏறி வளர்வதற்கான தாங்கு சட்டம், செய்கிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனம் பன்றிப் பித்தப்பையிலிருந்து செல்களை நீக்கிச் செய்த 'கோலிடெர்ம்' 2023-இல் இந்திய அனுமதி பெற்றது. பிரேசிலின் ஃபோர்ட்டலேசாவில் ஜிலேபி மீன் தோலைச் சுத்தம் செய்து தீப்புண்ணில் ஒட்டுகிறார்கள். நம் குளத்தில் தூண்டில் போட்டால் முதலில் மாட்டுகிற அதே ஜிலேபிதான். ஆனால் அது கட்டுத்துணி வேலை செய்கிறது. புண் ஆறியதும் காய்ந்து உதிர்ந்துவிடும். அதற்குள் ரத்தக்குழாய் போய்க் குடியேற வேண்டும் என்ற எதிர்பார்ப்பே இல்லை. 'தோல்' என்று யார் எதைச் சொன்னாலும், அதற்குள் ரத்தம் போகிறதா என்று முதலில் கேட்டுவிடுங்கள். பாதிக் குழப்பம் தீரும்.

சரி, குழாய் எப்படி வளர்கிறது? வாய்க்கால் உவமையை இங்கே விட்டுவிட வேண்டும். வாய்க்காலை மேலிருந்து ஆள் வெட்டிக்கொண்டு வருவான். உடம்பில், தாகம் எடுத்த வயல் குரல் கொடுத்து வாய்க்காலைத் தன் பக்கம் இழுக்கிறது. ஆக்சிஜன் குறைந்த செல்லுக்குள் எச்.ஐ.எஃப். என்ற புரதம் அழியாமல் தங்கி, சில ஜீன்களை முடுக்கிவிடும். இந்த உணர்கருவியைக் கண்டுபிடித்ததற்குத்தான் செமன்ஸா, ராட்க்ளிஃப், கேலின் மூவருக்கும் 2019-இல் நோபல் கொடுத்தார்கள். முடுக்கிவிடப்படும் சரக்குகளில் முக்கியமானது வி.இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணி. பக்கத்துக் குழாயின் சுவரில் இருக்கும் செல்களில் ஒன்று அதை மோப்பம் பிடித்து முளைக்குருத்து மாதிரி நீட்டிக்கொண்டு கிளம்பும். 'நீ வராதே, பின்னால் நில்' என்று பக்கத்துச் செல்களுக்குச் சைகையும் கொடுக்கும். முன்னே போவது முனைச்செல், பின்னால் வந்து குழாய்ச் சுவராகிறவை காம்புச்செல்கள். இரண்டு முனைகள் எதிரெதிரே வந்து தொட்டுக்கொண்டால் வளையம் கூடும், ரத்தம் ஓடும். ரத்தம் ஓடாத கிளை சில நாளில் தானே சுருங்கி மறையும். புற்றுக்கட்டியும் இதே வித்தையில்தான் தனக்கு ரத்தம் இழுத்துக்கொள்கிறது என்று ஜூடா ஃபோக்மன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1971-இல் எழுதினார். நம் துறையில் பாதிச் சோதனைமுறைகள் அந்தப் புற்று ஆராய்ச்சியிலிருந்து கடன் வாங்கியவை.

'அப்படியானால் ஸ்பாஞ்சில் வி.இ.ஜி.எஃப்.-ஐ ஊற்றிவிட்டால் போதுமே' என்று எல்லாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. மொத்தமாக ஊற்றினால் சீக்கிரமே கரைந்து போய்விடும். அளவு மிஞ்சினால் குழாய்கள் கொத்துக் கொத்தாக வரும், ஆனால் ஒழுகும். குழாயைச் சுற்றிப் பெரிசைட் செல்கள் வந்து அணைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு வேறு காரணிகள் வேண்டும், அதுவும் பிந்தி வர வேண்டும். வி.இ.ஜி.எஃப். முதலில், பெரிசைட்களை அழைக்கும் பி.டி.ஜி.எஃப். பின்னால் மெதுவாக, என்று ஒரே சாரத்திலிருந்து இரண்டையும் வெளியிட்டு அமெரிக்கத் திசுப் பொறியாளர் டேவிட் மூனியின் குழு 2001-இல் காட்டியபோதுதான் குழாய்கள் கெட்டியாக நின்றன.

அப்புறம் வடிகால். டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்: தண்ணீர் வருவது பாதி, வடிவது பாதி. ரத்தம் உள்ளே போய்ச் சிரை வழியாகத் திரும்பாவிட்டால் திசு நீலம் பாரித்து வீங்கி அழுகும். ஒட்டுத் தசை அறுவைகளில் சிரை அடைத்துக்கொண்டால் இன்றும் அட்டையைக் கடிக்கவிட்டுத் தேங்கிய ரத்தத்தை இறக்குகிறார்கள். 2004-இல் அமெரிக்க மருந்துத் துறையே அட்டையை மருத்துவக் கருவியாக ஏற்றுக்கொண்டது. நாம் சேற்றில் இறங்கினால் காலில் ஏறுகிற ஜாதிக்கு ஒன்றுவிட்ட உறவுதான்.

இனி உங்கள் ப்ராஜெக்ட். முதலில் ஸ்பாஞ்சைத் தெரிந்துகொள்ளுங்கள். கொலாஜன் கரைசலை உறையவைக்கும்போது பனிப் படிகங்கள் வளர்ந்து கொலாஜனை ஓரமாக ஒதுக்கும். உலர்த்தும்போது படிகம் இருந்த இடமெல்லாம் ஓட்டை. மெதுவாக உறைந்தால் பெரிய படிகம், பெரிய ஓட்டை. சட்டென்று உறைந்தால் சின்னது. யானஸ் குழு நல்ல பலன் கண்ட ஓட்டை அளவு 20 முதல் 125 மைக்ரான் வரை. ஆனால் அளவை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், ஓட்டைக்கு ஓட்டை வழி இருக்கிறதா என்று பாருங்கள். தட்டைத் தொட்ட பக்கத்திலும் காற்றைத் தொட்ட பக்கத்திலும் பாலாடை மாதிரி ஒரு மூடிய படலம் உட்கார்ந்துவிடும். மேலிருந்து மைக்ரோஸ்கோப் படம் எடுத்தால் ஒன்று தெரியும், குறுக்கே வெட்டி எடுத்தால் வேறொன்று. ஒரு சின்னச் சோதனை: ஸ்பாஞ்சின் அடி ஓரத்தை நீல மையில் தொட்டு வைத்துவிட்டு நேரம் பாருங்கள். மை எங்கே தயங்குகிறதோ அங்கே குழாயும் தயங்கும். எலக்ட்ரோஸ்பின்னிங், அதாவது மின்னழுத்தத்தால் கரைசலை நூலாக இழுக்கும் முறையில் செய்த நானோ இழை என்றால் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். பிழிந்த இடியாப்பத்தைக் கையால் அழுத்திவிட்ட மாதிரி இழைகள் படிந்துகிடக்கும். செல் மேலேயே படுத்துக்கொள்ளும், உள்ளே இறங்காது.

இழைகளை எவ்வளவு பிணைப்பது என்பதும் முக்கியம். சாரம் என்று பெயர் வைத்ததே பொருத்தம்தான்: சுவர் இறுகும்வரை சவுக்குக் கழி நிற்க வேண்டும், இறுகியதும் அவிழ்க்க வேண்டும். பிணைப்பு குறைந்தால் புண்ணில் இருக்கிற நொதிகள் குழாய் வருவதற்கு முன்பே கரைத்துவிடும். கூடினால் உடம்பு அதை அந்நியப் பொருளாக எண்ணிச் சுற்றி உறை கட்டும். குளூட்டரால்டிஹைடு என்ற ரசாயனத்தில் பிணைத்தீர்கள் என்றால் அதன் மிச்சம் செல்லைக் கொல்லும், அது போகக் கழுவுங்கள், கழுவியது போதும் என்று தோன்றிய பிறகு இன்னொரு முறையும் கழுவுங்கள். எங்கள் செல்கள் செத்ததற்கு மூன்று மாதம் ஸ்பாஞ்ச் வடிவத்தையே குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

செல் வேலையில் எல்லாரும் முதலில் செய்வது மேட்ரிஜெல் சோதனை. எலிப் புற்றிலிருந்து எடுத்த அந்தக் கூழில் ரத்தக்குழாய்ச் செல்களைப் போட்டால் ஒரே இரவில் வலை வலையாகப் பின்னிக்கொள்ளும். படம் அழகாக வரும், கைடுக்குப் பிடிக்கும். ஆனால் ரத்தக்குழாய்க்குச் சம்பந்தமில்லாத சில செல்களும் அதில் அப்படிப் பின்னும். அதை ஒரு பக்கத்துக்கு மேல் எழுத வேண்டாம்.

முட்டைக்கு வாருங்கள். உங்கள் பட்ஜெட்டுக்கும் காலத்துக்கும் இதுதான் பொருந்தும். கோழிக்கருவைச் சுற்றி கோரியோஅலன்டாயிக் சவ்வு என்று ஒன்று உண்டு, லேபில் சுருக்கமாக 'கேம்' என்போம். கருவுக்கு அதுதான் நுரையீரல், அதனால் முழுக்க ரத்தக்குழாய். அதன்மேல் ஸ்பாஞ்சை வைத்துவிட்டுக் குழாய் ஏறுகிறதா என்று பார்க்கலாம். குஞ்சு பொரிக்க 21 நாள். நம் வேலை 12 அல்லது 14-ஆம் நாளோடு முடிந்துவிடும்.

நாங்கள் முதல் தடவை இதைச் செய்த கதையைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். கடையில் இரண்டு தட்டு முட்டை வாங்கி இன்குபேட்டரில் அடுக்கினோம். நான்காம் நாள் இருட்டறையில் டார்ச் அடித்துப் பார்த்தால் எல்லாமே தெளிவாக, மஞ்சளாக, ஒன்றுமில்லாமல் இருந்தன. வெப்பநிலை சரியில்லை என்று தெர்மாமீட்டரை மாற்றினோம். லேபில் கூட்டிப் பெருக்க வருகிற அம்மாதான் கேட்டார், "சேவலோட சேராத கோழி முட்டையில குஞ்சு எங்கய்யா வரும்?" நாமக்கல் பண்ணையிலிருந்து கடைக்கு வருவது கருவில்லாத முட்டை. கருமுட்டை வேண்டுமென்றால் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியில் சொல்லி வைக்க வேண்டும், அல்லது சேவலோடு திரிகிற நாட்டுக்கோழி வைத்திருக்கும் வீட்டில் வாங்க வேண்டும். கருமுட்டையில் நான்காம் நாள் டார்ச் அடித்தால் சிவப்பாக ஒரு சிலந்தி கால் பரப்பி உட்கார்ந்திருக்கும், நடுவில் ஒரு புள்ளி துடிக்கும். ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்க மாட்டீர்கள்.

செய்முறை இது. 37.5 டிகிரி சுற்றி வைத்து, முட்டையைப் படுக்கவைத்து, மூன்றாம் நாள் கூர்முனையில் ஊசி குத்தி இரண்டு மூன்று மில்லி வெள்ளைக்கருவை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். உள்ளே மட்டம் இறங்கி, சவ்வு ஓட்டில் ஒட்டாமல் தள்ளி நிற்கும். மேலே ஓட்டில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டி டேப் ஒட்டி மூடுங்கள். எட்டாம் நாள் போல ஸ்பாஞ்ச் துண்டை வையுங்கள். பன்னிரண்டில் எடுத்துப் படம்பிடித்து, பிறகு மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதற்கான மெல்லிய சீவலுக்குப் போடுங்கள்.

இதில் மூன்று இடத்தில் எல்லாரும் சறுக்குவார்கள். ஜன்னல் வெட்டும்போது ஓட்டுத் தூள் சவ்வில் விழுந்தால் அந்தத் தூளே அழற்சியைக் கிளப்பிக் குழாய்களை வரவழைக்கும். உங்கள் ஸ்பாஞ்சுக்குப் பெயர் கிடைக்கும். இரண்டாவது, ஸ்பாஞ்ச் காயும்போது சவ்வைச் சுருக்கி இழுக்கும். பழைய குழாய்கள் எல்லாம் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி ஸ்பாஞ்சை நோக்கித் திரும்பி நிற்கும். புதிதாக வளர்ந்த மாதிரியே இருக்கும், ஆனால் வளரவில்லை, நகர்ந்திருக்கிறது. வைத்த அன்றே ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு அதோடு ஒப்பிட்டால் பிடித்துவிடலாம். மூன்றாவது, சவ்வு அந்த வயதில் தானாகவே வளர்ந்துகொண்டிருக்கும். ஒன்றும் வைக்காத முட்டை, காரணி சேர்க்காத வெறும் ஸ்பாஞ்ச் வைத்த முட்டை இரண்டும் பக்கத்தில் இல்லாமல் எந்த எண்ணிக்கைக்கும் அர்த்தம் இல்லை. படத்தில் குழாயை எண்ணுகிறவருக்கு எந்த முட்டை எது என்று தெரியக்கூடாது. தோழியை எண்ணச் சொல்லுங்கள், பதிலுக்கு அவர் ப்ராஜெக்ட்டுக்கு நீங்கள் எண்ணிக் கொடுங்கள்.

முட்டை நான்கு ஐந்து நாள் கதை. மூன்று வாரக் கதை வேண்டுமென்றால் எலி. அதற்கு நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும், அது உங்கள் ஒரு வருடத்துக்குள் வருமா என்று கைடிடம் கேளுங்கள். வந்தால் ஒன்றை மறக்காதீர்கள்: எலியின் தோலுக்கு அடியில் மெல்லிய தசைத் தகடு இருக்கிறது, அது புண்ணைச் சுருக்குப்பை மாதிரி இழுத்து மூடிவிடும். நமக்கு அப்படி மூடாது. புண்ணைச் சுற்றிச் சிலிக்கோன் வளையம் தைத்தால்தான் ஓரளவு மனிதப் புண் போல ஆறும். முதுகுத் தோலை மடித்துச் சட்டத்தில் பிடித்துக் கண்ணாடி ஜன்னல் வைத்து அதே இடத்தை நாள்தோறும் பார்க்கிற முறையும் உண்டு. யோசனை பழையது, 1924-லேயே சாண்டிசன் என்பவர் முயல் காதில் ஜன்னல் வைத்து உயிரோடு குழாய் வளர்வதைப் பார்த்தார்.

இப்போது அளவீடு. பெரும்பாலான ஆய்வேடுகளில் செய்வது: ஐந்து மைக்ரான் சீவல், ரத்தக்குழாய்ச் செல்லை அடையாளம் காட்டும் சிடி31 சாயம், பழுப்புப் புள்ளிகளை எண்ணு, ஒரு வரைபடம் போடு. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஒரு தேன்குழலை நடுவே உடைத்துப் பாருங்கள். இழை ஒன்றுதான், உடைந்த இடத்தில் ஏழெட்டு முனை தெரியும். வளைந்து நெளிந்த ஒரே குழாய் சீவலில் ஏழு புள்ளியாக விழும். அதோடு சிடி31 காட்டுவது குழாய்ச் செல் இருக்கிறது என்பதை மட்டும்தான்; ரத்தம் ஓடுகிறதா என்று அது சொல்லாது. கடைமடையில் வாய்க்கால் இருக்கிறது, வரைபடத்திலும் இருக்கிறது, ஆடி முடிந்தும் தண்ணீர் வரவில்லை என்றால் எந்த விவசாயியும் அதைப் பாசனம் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்.

அதனால் நான் பார்க்கச் சொல்வது வேறு. முதலாவது ஆழம்: ஸ்பாஞ்சின் அடியிலிருந்து மேல்நோக்கி எவ்வளவு தூரம் குழாய் ஏறியிருக்கிறது, எந்த நாளில் எவ்வளவு. ஓரத்தில் நூறு குழாய் இருந்து நடு செத்துக் கிடந்தால் அது தோற்ற ஸ்பாஞ்ச். இரண்டாவது ஓட்டம். காசில்லாத வழி, சாதாரண ஹெமடாக்சிலின்-ஈயோசின் சாயமிட்ட சீவலில் குழாய்க்குள் சிவப்பணு உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பது. எலி என்றால், எடுப்பதற்குச் சில நிமிடம் முன்பு குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் லெக்டின் என்ற புரதத்தை ஒளிரும் சாயத்தோடு வால் சிரையில் செலுத்தினால் ரத்தம் ஓடுகிற குழாய் மட்டும் ஒளிரும். அதே சீவலில் சிடி31-ஐயும் போட்டு, மொத்தக் குழாயில் ஓடுகிறது எத்தனை என்று விகிதம் எடுங்கள். அந்த விகிதம் ஒன்றே எனக்குப் பத்து வரைபடத்துக்குச் சமம். மூன்றாவது, ஆல்ஃபா-எஸ்.எம்.ஏ. சாயம் போட்டு, முன்பு சொன்ன பெரிசைட் செல்களின் சுற்றணைப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். நாள் ஏற ஏற எண்ணிக்கை கூடிக்கொண்டே போக வேண்டும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். பயிர் எக்கச்சக்கமாகத் தூர் கட்டிவிட்டு, கதிர் வராத தூரை விட்டுவிடுகிற மாதிரி புண்ணும் முதலில் அளவுக்கு மீறிக் குழாய் விட்டுப் பிறகு கழித்துக்கொள்ளும். 21-ஆம் நாள் குறைந்திருந்தால் அது நல்ல செய்தியாகக்கூட இருக்கலாம்.

குழாயை முன்கூட்டியே உள்ளே வைத்து அனுப்ப முடியாதா என்று அடுத்து தோன்றும். முடியும். கனடாவின் கியூபெக்கில் ஓஷேயின் குழு, உள்தோல் செல்களோடு ரத்தக்குழாய்ச் செல்களையும் சேர்த்து வளர்த்து, நுண்குழாய் உள்ள தோலைச் செய்தது. 2005-இல் அதை எலியில் வைத்தபோது நான்கு நாளுக்குள் எலி ரத்தம் மனிதக் குழாய்க்குள் ஓடியது; குழாய் இல்லாத தோலில் அதற்குப் பதினான்கு நாள் ஆனது. மறுபடியும் தொடைத் தோலின் அதே தந்திரம்தான். ஆனால் அப்படி வளர்க்க வாரக்கணக்கு ஆகும், நோயாளியின் சொந்தச் செல்லாகவும் இருக்க வேண்டும். தீக்காயக்காரர் அதுவரை திறந்த புண்ணோடு படுத்திருக்க முடியாது. அவசரம் இல்லாத, மாதக்கணக்கில் ஆறாத சர்க்கரைப் புண்ணுக்கு அது பொருந்தலாம் என்பது என் எண்ணம். வரப்பில் வெறுங்காலோடு நடந்து முள் குத்தியது தெரியாமல் விரலை இழந்தவர்களை நம் ஊரில் தெருவுக்கு ஒருவர் காட்டலாம். சர்க்கரை உடம்பில் அந்தத் தாகக் குரலே மங்கிவிடுகிறது, நுண்குழாய்களும் பழுதாகிக் கிடக்கின்றன. உங்கள் ஸ்பாஞ்ச் ஆரோக்கியமான எலியில் ஜெயித்தால் அந்தக் காலிலும் ஜெயிக்கும் என்று எழுதிவிடாதீர்கள்.

கடைசியாக ஒரு கால அட்டவணை யோசனை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா அடித்தபோது எங்கள் இன்குபேட்டரில் ஒன்பதாம் நாள் முட்டை நாற்பது இருந்தது. கரண்ட் போனது, ஜெனரேட்டருக்கு டீசல் தேடியவர் மரம் விழுந்த சாலையில் மாட்டிக்கொண்டார். திறந்து பார்த்தபோது நாற்பதும் சில்லிட்டிருந்தன. ஊரில் தென்னை மரம் மொத்தமும் சாய்ந்து கிடந்தபோது முட்டைக்காக வருத்தப்படவும் வெட்கமாக இருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் முட்டை வைக்காதீர்கள். அந்த இரண்டு மாதத்தை ஸ்பாஞ்ச் செய்வதற்கும் மை சோதனைக்கும் கழுவுவதற்கும் கொடுங்கள். ஹேச்சரியில் இப்போதே சொல்லி வைத்துவிட்டு, பொங்கல் முடிந்ததும் முதல் தட்டை வாங்குங்கள்.